ராட்சத ரோபோ ஆட்டங்களில் பாலிஸ்டிக் ஆயுதம்: பீரங்கியைக் கடைசியில் எடுங்கள்

மெக் ஆட்டங்களுக்கு, அதாவது ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத ரோபோ ஆட்டங்களுக்கு, புதிதாக வருகிற யாரும் முதலில் கேட்பது, "எந்தப் பீரங்கிங்ணா பெருசு?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை, வரிசைதான் தலைகீழ். எவ்வளவு தூரத்தில் நின்று சண்டை போடப் போகிறீர்கள், அந்தச் சண்டைக்கு எத்தனை குண்டு வேண்டும், அத்தனையையும் எந்த உடம்பு தாங்கும் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். பீரங்கி எது என்பது அப்புறம் தானாகத் தெரிந்துவிடும்.

லேசருக்கான விலையைச் சண்டையின் நடுவில் சூடாகக் கொடுக்கிறோம். பாலிஸ்டிக் ஆயுதத்துக்கான, அதாவது குண்டு போட்டுச் சுடும் பீரங்கிக்கான, விலையைப் பட்டறையிலேயே எடையாகக் கொடுத்துவிடுகிறோம். களத்தில் இறங்கிய பிறகு அந்தக் கணக்கை மாற்ற வழியில்லை. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடக் கிளம்பும் ரிக் வண்டிக்காரர், எத்தனை அடி போக வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொண்டுதான் ராடு ஏற்றுவார். நீங்களும் அப்படிக் கேட்டுக்கொண்டு ஏற்றுங்கள்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் மெக்வாரியர் குடும்பத்தைப் பற்றியது: 2013இல் வந்த மெக்வாரியர் ஆன்லைன், 2019இல் வந்த மெக்வாரியர் 5 மெர்சினரீஸ். இரண்டுக்கும் தாய், 1984இல் எஃப்ஏஎஸ்ஏ நிறுவனம் வெளியிட்டு மறுவருடம் பேட்டில்டெக் என்று பெயர் மாறிய பலகை ஆட்டம். கீழே எடை, டேமேஜ் என்று நான் சொல்லும் எண்கள் அந்தப் பலகை ஆட்டத்தினுடையவை. கணினி ஆட்டங்களில் சுடும் வேகமும் தூரமும் பேட்ச்சுக்குப் பேட்ச் மாறும். ஆனால் ஏசி/20 என்ற பெரிய பீரங்கியின் 14 டன் அப்படியேதான் இருக்கிறது.

குடும்பத்தை முதலில் அறிந்துகொள்வோம்

ஆட்டோகேனன், சுருக்கமாக ஏசி, நாலு அளவில் வரும். ஏசி/2 எடை 6 டன், ஏசி/5 எடை 8 டன், ஏசி/10 எடை 12 டன், ஏசி/20 எடை 14 டன். பெயரில் இருக்கும் எண்தான் ஒரு முறை சுட்டால் விழும் டேமேஜ். தூரம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும். ஏசி/2 எட்டும் தூரம் 720 மீட்டர், ஏசி/5க்கு 540, ஏசி/10க்கு 450, ஏசி/20க்கு வெறும் 270. இவற்றோடு, காந்த விசையால் உலோகக் குண்டை எறியும் காஸ் ரைஃபிள்: 15 டன், 15 டேமேஜ், 660 மீட்டர். கடைசியாக மெஷின் கன், அரை டன், 90 மீட்டர்.

இனி ஒரு டன் குண்டில் எவ்வளவு அடி இருக்கிறது என்று பாருங்கள். ஏசி/20க்கு டன்னுக்கு 5 குண்டு, ஏசி/10க்கு 10, ஏசி/5க்கு 20. பெருக்கினால் மூன்றிலும் 100 டேமேஜ்தான். ஏசி/2க்கு 45 குண்டு, 90 டேமேஜ். காஸுக்கு 8 குண்டு, 120 டேமேஜ். ஆக, சின்னப் பீரங்கி வைத்தால் குண்டு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு டன்னில் அடங்கும் அடி ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றே. அந்த அடியை ஒரே இடத்தில் மொத்தமாக இறக்குகிறோமா, தூரத்தில் இருந்து சிறுகச் சிறுகப் போடுகிறோமா என்பதில்தான் வித்தியாசம்.

பீரங்கியின் சொந்த எடையை வைத்துப் பார்த்தால் கதை வேறு. ஏசி/20 ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 1.4 டேமேஜ் தருகிறது, ஏசி/5 தருவது 0.6 சொச்சம், ஏசி/2 தருவது 0.3. ஒரு டன் எடையுள்ள மீடியம் லேசரும் ஏசி/5 கொடுக்கும் அதே 5 டேமேஜைக் கொடுக்கிறது. லேசருக்கு 3 சூடு, ஏசி/5க்கு 1 சூடு. லேசரோடு, சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க் மூன்று சேர்த்தாலும் 4 டன்தான் ஆகிறது. ஏசி/5ஐ ஒரு டன் குண்டோடு ஏற்றினால் 9 டன். அப்படியென்றால் ஏசி/5ஐ எதற்கு எடுப்பது? மீடியம் லேசர் 270 மீட்டரில் நின்றுவிடும், ஏசி/5 அதற்கு இரண்டு மடங்கு தூரம் போகும் என்பதற்காக. அந்தத் தூரத்தை நீங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் ஏசி/5 வெறும் பாரம்.

பலகை ஆட்டத்தில் மேலே சொன்ன எல்லாப் பீரங்கியும் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் சுடும். கணினி ஆட்டத்தில் சின்னப் பீரங்கிகள் படபடவென்று சுடுவதால் இந்த இடைவெளி ஓரளவு குறைகிறது. ஆனால் அதற்கு விலையாக எதிரியைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருக்க வேண்டும். அது எவ்வளவு பெரிய விலை என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதல் படி: தூரம்

உங்கள் கடைசி நாலைந்து ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள். எதிரியை எந்தத் தூரத்தில் அதிகம் அடித்தீர்கள்? "லாங் ரேஞ்ச்தாங்ணா என் ஸ்டைல்" என்று சொல்லும் பையன்களின் பதிவை ஓட்டிப் பார்த்தால், முக்கால்வாசி அடி 300 மீட்டருக்குள்தான் விழுந்திருக்கும். பொறுமை இல்லாதவர்கள் கிட்டப் போய்விடுவார்கள், அது சுபாவம். அதை மாற்றப் பார்ப்பதைவிட அதற்கேற்ற பீரங்கியை எடுப்பது சுலபம்.

கட்டடங்கள் நிறைந்த மேப், சந்து பொந்தில் ஒளிந்து அடிக்கும் பழக்கம் என்றால் ஏசி/20. திறந்த வெளி, மேட்டில் நின்று அடிப்பது என்றால் காஸ் அல்லது இரட்டை ஏசி/5. எதற்கும் மனம் ஒட்டவில்லை என்றால் ஏசி/10 எடுங்கள். யாரும் அதைப் புகழ்ந்து பேச மாட்டார்கள், ஆனால் எங்கேயும் கை விடாது.

இரண்டாம் படி: டன் கணக்கு

ஹன்ச்பேக் 4ஜி என்ற 50 டன் மெக்கை எடுத்துக்கொள்வோம். பாலிஸ்டிக் பழக இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. வலது தோள் திமிலுக்குள் ஒரு ஏசி/20, கைகளில் இரண்டு மீடியம் லேசர், தலையில் ஒரு ஸ்மால் லேசர். பீரங்கி 14 டன், குண்டு 2 டன். மொத்த உடம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. கவசம் 10 டன், எஞ்சின் எட்டரை டன். இவ்வளவு கொடுத்தும் கையில் இருப்பது பத்தே குண்டு.

அந்தப் பத்தையும் எண்ணிச் செலவு செய்து பாருங்கள். முதல் இரண்டு குண்டு பதற்றத்தில் கட்டடச் சுவரில் போகும். ஒன்று 400 மீட்டரில் நிற்பவன் மேல் ஆசைப்பட்டு விட்டது, அடி முழுசாக ஏறாது. மிச்சம் ஏழு. ஒரு நடுத்தர மெக்கின் நெஞ்சைத் திறந்து உடைக்க, ஒரே இடத்தில் விழுந்தாலும் மூன்று நாலு குண்டு ஆகும். அவன் உடம்பைத் திருப்பினால் அதுவும் தோளுக்கும் கைக்கும் சிதறும். ஆக, பத்து குண்டில் ஒரு மெக், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. கணினி ஆட்டங்கள் டன்னுக்குக் கொஞ்சம் தாராளமாகக் குண்டு தருகின்றன என்றாலும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

இப்போது ஏசி/20ஐ எடுத்துவிட்டு ஏசி/10 வையுங்கள். 2 டன் மிச்சம். அதையும் குண்டுக்கே கொடுத்தால் 4 டன், அதாவது 40 குண்டு. மொத்த டேமேஜ் 200இல் இருந்து 400 ஆகிறது, தூரமும் 450 மீட்டராகக் கூடுகிறது. போவது, அந்த ஒற்றை அடியின் கனம் மட்டுமே. மெர்சினரீஸில் வரும் நீண்ட மிஷன்களுக்கு, குறிப்பாகத் தளத்தைப் பாதுகாக்கும் மிஷன்களுக்கு, நான் இதைத்தான் சொல்வேன். ஐந்து நிமிடத்தில் முடியும் சண்டைக்கு ஏசி/20 போதும்.

ஒரு நடைமுறைக் கணக்கு: பலகை எண்ணிக்கைப்படி பெரிய பீரங்கி ஒன்றுக்குக் குறைந்தது 3 டன் குண்டு. அதற்கு இடமில்லை என்றால் ஒரு படி சின்னப் பீரங்கிக்கு இறங்குங்கள். கவசத்தைச் சுரண்டிக் குண்டு சேர்க்கவே கூடாது. காலில் இருந்து கொஞ்சம் எடுக்கலாமா என்று எல்லோருக்கும் தோன்றும். ஒரு கால் போனால் நொண்டிக்கொண்டு நிற்கிற மெக்குக்கு முழு குண்டுப் பெட்டி இருந்து என்ன பயன்?

கோபியில் இருக்கும் ஒரு தம்பி, கிங் க்ராப் கிடைத்த சந்தோஷத்தில் போன் பண்ணினான். அது 100 டன் மெக், இரண்டு கைகளிலும் ஏசி/20.

"அண்ணா, ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ஒரே அடில முடிச்சரலாமுங்களா?"

"முடிக்கலாந் தம்பி. அவன் 270 மீட்டருக்குள்ள வந்து நிக்கோணும், அப்பத்தான்."

"வரமாட்டானுங்களா?"

"நீ வர்றதப் பாத்தா அவன் ஏன் வர்றான்?"

கிங் க்ராப் மெதுவாக நடக்கும். கிட்டப் போனால்தான் பலன் தரும் பீரங்கியை, கிட்டப் போக முடியாத உடம்பில் வைத்தால் கூட்டாளி யாராவது எதிரியை உங்களிடம் துரத்திக்கொண்டு வர வேண்டும். அப்படி ஆள் இருந்தால் அந்த மெக் பயங்கரம். தனியாக ஆடுகிறவருக்கு அது வேண்டாம்.

மூன்றாம் படி: உடம்பு

மெக்கைப் பார்க்கும்போது டன்னை மட்டும் பார்க்காமல் பீரங்கி எந்த உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஹன்ச்பேக்கின் பீரங்கி தோளுயரத்தில் இருப்பதால் மேட்டுக்குப் பின்னால் நின்று தலையையும் திமிலையும் மட்டும் காட்டிச் சுடலாம். ஜாகர்மெக்கின் கைகளும் மேலே தூக்கியபடி இருக்கும், அதுவும் மேட்டுச் சண்டைக்கு நல்லது. அதன் கவசம் மெலிசு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கைகள் தொங்கிக்கொண்டு இடுப்புயரத்தில் பீரங்கி வைத்த மெக்கில், உங்கள் கண்ணுக்கு எதிரி தெரிவான், குண்டு எதிரே இருக்கும் மண்மேட்டில் புதையும். புதியவர்கள் "ஹிட் ரெஜிஸ்டர் ஆகலை" என்று சர்வரைத் திட்டும் நேரங்களில் பாதி இந்தக் கதைதான்.

கையில் இருக்கும் பீரங்கியைப் பக்கவாட்டில் திருப்ப முடியும். நெஞ்சிலோ தோளிலோ இருப்பது உடம்போடுதான் திரும்பும். ஆனால் கையிலிருப்பது இரண்டு வழியில் போகும்: கை போனாலும் போகும், அந்தப் பக்கத் தோள் உடைந்தாலும் போகும்.

நாலாம் படி: குண்டுப் பெட்டியை எங்கே வைப்பது

ஆட்டோகேனன் குண்டு வெடிக்கும். கவசம் போன இடத்தில் குண்டுப் பெட்டி இருந்து அதில் அடி பட்டால், மிச்சமிருக்கும் குண்டெல்லாம் உள்ளேயே வெடித்துவிடும். அதனால் நெஞ்சில் வைக்காதீர்கள். பொதுவாகக் கால்களில் வைப்பது வழக்கம். எதிரிகள் நெஞ்சையும் தோளையும் குறிவைக்கும் அளவுக்குக் காலைக் குறிவைப்பதில்லை. தோளில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கேஸ் என்ற பாதுகாப்புப் பெட்டியைச் சேருங்கள், வெடிப்பு அந்தத் தோளோடு நின்றுவிடும்.

காஸ் இதற்கு நேர் எதிர். அதன் குண்டு வெறும் உலோக உருண்டை, வெடிக்காது, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் காஸ் ரைஃபிளே அடிபட்டால் வெடிக்கும். அது இருக்கும் பக்கத்துக்குக் கவசம் அதிகம் கொடுங்கள்.

மெஷின் கன்னுக்குப் பலகை ஆட்டத்தில் டன்னுக்கு 200 குண்டு. சுட்டுத் தீராது, அடிபட்டால் மெக்கோடு சேர்ந்து போகும். அரை டன் வைக்க ஆட்டம் அனுமதித்தால் அரை டன்னே போதும்.

ஐந்தாம் படி: குறி

லேசர் பட்டனை அழுத்தினால் அங்கேயே படும். குண்டு போய்ச் சேர நேரம் எடுக்கும். ஏசி/20 குண்டு நொடிக்கு 650 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 260 மீட்டரில் குறுக்கே ஓடும் எதிரியை அடைய 0.4 நொடி. அவன் மணிக்கு 72 கிலோமீட்டரில் ஓடுகிறான் என்றால் நொடிக்கு 20 மீட்டர், அந்த 0.4 நொடிக்குள் 8 மீட்டர் நகர்ந்திருப்பான். அதாவது ஏறக்குறைய ஒரு மெக் அகலத்துக்கு முன்னால் குறி வைக்க வேண்டும். நொடிக்கு 2000 மீட்டர் போகும் காஸ் குண்டுக்கு அதே ஆள் 600 மீட்டரில் ஓடினாலும் 6 மீட்டர் முன்னால் வைத்தால் போதும்.

இந்தக் கணக்கை ஆட்டத்தின் நடுவே போட முடியாது. டெஸ்டிங் கிரவுண்டில் ஒரே பீரங்கியோடு போய், 100, 200, 300 மீட்டரில் சுட்டு, குண்டு போய்ச் சேரும் நேரத்தைக் கண்ணில் பதியவையுங்கள். வாரத்துக்கு ஒரு பீரங்கி மாற்றுகிறவர்களுக்குக் குறி கடைசி வரை படியாது. ஒரு மாதம் ஒரே பீரங்கியோடு ஆடுங்கள்.

எதிரி நேராக உங்களை நோக்கி வரும்போதும், திரும்பும்போதும், மேட்டைத் தாண்டி இறங்கும்போதும் முன்வைப்பு, அதாவது இப்படி முன்னால் குறி வைப்பது, தேவையில்லை. அனுபவசாலிகள் இந்த நொடிகளுக்காகத்தான் காத்திருப்பார்கள். குறுக்கே ஓடுகிறவனைத் துரத்தித் துரத்திச் சுடுவதைவிட, அவன் எந்தக் கட்டடத்தின் ஓரத்தில் திரும்பப் போகிறான் என்று பார்த்து அங்கே குறியை நிறுத்திவைப்பது மேல்.

அடுத்தது மெக்வாரியர் ஆன்லைனில் பலருக்குப் பிடிபடாத ஒரு சங்கதி. உங்கள் குறிவட்டத்துக்கு அடியில் என்ன பொருள் இருக்கிறதோ, அதன் தூரத்தில்தான் இரண்டு பக்கப் பீரங்கிகளின் குண்டும் சந்திக்கும். எதிரி 250 மீட்டரில் ஓடுகிறான். அவனுக்கு முன்னால் குறி வைக்கிறீர்கள். குறிவட்டம் இப்போது அவன் மேல் இல்லை, 900 மீட்டரில் இருக்கும் குன்றின் மேல் இருக்கிறது. பீரங்கிகளும் 900 மீட்டருக்குச் சரி செய்துகொள்ளும். இரண்டுக்கும் இடையே 8 மீட்டர் இருந்தால், எதிரி இருக்கும் தூரத்தில் இரண்டு குண்டும் ஏறக்குறைய 6 மீட்டர் விலகிப் போகும். ஒன்று அவனுக்கு முன்னாலும் ஒன்று பின்னாலும் போய்விடும். குறி சரி, அடி இல்லை. இதற்கு இரண்டு வழி. பீரங்கிகளை ஒரே பக்கத்தில் அடுக்கும் மெக்கை எடுப்பது ஒன்று. இடம் வலமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் பட்டன் கொடுத்து, தனித்தனியாகக் குறி வைப்பது இன்னொன்று. நான் முதல் வழிக்காரன்.

ஏசி/5ஐயும் ஏசி/20ஐயும் ஒரே பட்டனில் சேர்க்காதீர்கள். குண்டு வேகம் வேறு, முன்வைப்பும் வேறு. ஒன்று பட்டால் மற்றது தவறும். ஒரே வகைக் குண்டுக்கு ஒரு பட்டன், லேசருக்கு வேறு பட்டன்.

ஆறாம் படி: சுட்டதும் திரும்புங்கள்

மெர்சினரீஸில் கடைக்குப் போனால் ஒரே அளவு ஆட்டோகேனன் இரண்டு மூன்று வடிவில் இருக்கும். சாதா ஏசி ஒரே குண்டாக விடும். பிஎஃப் என்று போட்டிருப்பது நாலைந்து சின்னக் குண்டாகப் பிரித்துவிடும். எதை எடுப்பது என்ற கேள்விக்கான பதில் இந்தப் படியில்தான் இருக்கிறது.

லேசர்காரன் கதிர் முடியும் வரை எதிரியைப் பார்த்தே நிற்க வேண்டும். ஒற்றைக் குண்டு ஆட்டோகேனன்காரனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பட்டன் அழுத்திய மறு நொடியே உடம்பைத் திருப்பி, பீரங்கி இல்லாத தோளையும் கையையும் காட்டலாம். எதிரியின் பதிலடி நெஞ்சில் விழாமல் அங்கே விழும். ஏசி/20 மறுபடி தயாராகும் அந்தச் சில நொடிகள் முழுக்க நீங்கள் கவசத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம். திரும்பி, சுட்டு, மறுபடி திரும்பி. ஹன்ச்பேக்கில் வலது தோள் உடைந்தால் பீரங்கியே போச்சு என்பதால் சுட்டதும் இடது தோளைக் கொடுக்கப் பழகுங்கள். எதிரில் விவரம் தெரிந்தவன் இருந்தால் முதல் குண்டில் இருந்தே அந்தத் திமிலைத்தான் அடிப்பான்.

பிஎஃப் வகையிலும், சடசடவென்று சுடும் ஏசி/2 கூட்டத்திலும் இந்த வசதி கிடையாது. எதிரியைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அதனால் அவை இரண்டாம் வரிசையில், யாரும் உங்களைக் கவனிக்காத இடத்தில் இருந்து அடிப்பதற்குத்தான் பொருந்தும். முன்வரிசைக்கு ஒற்றைக் குண்டு.

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பீரங்கி எதுவாக இருந்தாலும் இரண்டு மடங்கு நேரம் உயிரோடு இருப்பீர்கள். கோயம்புத்தூரில் என்னோடு ஆடும் மச்சான் ஒருத்தர் குறியில் ரொம்பச் சுமார். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசியில் நிற்கிற இரண்டு மூன்று பேரில் அவர் இருப்பார். காரணம் இதுதான்.

எங்கே அடிப்பது

ஒரே இடத்தில் மொத்த அடியும் விழுவதுதான் பாலிஸ்டிக்கின் பலம், அதைச் சிதறடிக்காதீர்கள். எதிரியின் எந்தப் பக்கக் கவசம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறியிருக்கிறது என்று பார்த்து அங்கேயே போடுங்கள். எதிரி பெரிய ஆள் என்றால் அவன் முக்கிய ஆயுதம் இருக்கும் தோளை முதலில் கழற்றுவது நல்லது, தோள் போனால் கையும் சேர்ந்து போகும். ஓடி ஓடித் தொல்லை செய்யும் சின்ன மெக்குக்குக் காலில் ஒரு ஏசி/20 போதும்.

தலையைப் பற்றி ஒரு தகவல். பலகை ஆட்டத்தில் தலைக்கு அதிகபட்சம் 9 கவசம், 3 உட்கட்டு, மொத்தம் 12. ஒரே அடியில் தலையை எடுக்க 12 வேண்டும். ஏசி/20ஆலும் காஸாலும் முடியும், ஏசி/10ஆல் முடியாது. 2018இல் வந்த பேட்டில்டெக் கணினி ஆட்டத்தில் இது இன்னும் வயிற்றெரிச்சல்: தலைக்கு 45 கவசம், 16 உட்கட்டு, மொத்தம் 61. ஏசி/10 டேமேஜ் 60. ஒன்றே ஒன்றில் தப்பித்துவிடுவான். அந்த ஆட்டத்தில் டேமேஜ் கூடுதலாக இருக்கும் ஏசி/10 கடையில் கண்ணில் பட்டால், காசைப் பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

சிறப்பு வகைகள், சுருக்கமாக

எல்பி 10-எக்ஸ் சிதறு குண்டு. முழுக் கவசத்தோடு இருப்பவன் மேல் வீண், கவசம் திறந்தவன் மேல் உள்ளே இருப்பதையெல்லாம் நாசம் செய்யும். வேறு பெரிய ஆயுதத்தோடு துணைக்கு வையுங்கள், தனியாக வேண்டாம்.

அல்ட்ரா ஏசியில் தயாராகும் முன்னரே இன்னொரு முறை அழுத்திச் சுடலாம், ஆனால் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எதிரி சாகக் கிடக்கும்போது மட்டும் இரண்டாம் முறை அழுத்துங்கள். சூதாட்டப் புத்தி உள்ளவர்களுக்கு இந்தப் பீரங்கி ஆகாது. ரோட்டரி ஏசியும் அந்தச் சாதிதான், அதில் சிக்கல் அளவு கோடாகத் தெரிவதால் விரலுக்குக் கட்டுப்பாடு பழக்கலாம்.

காஸ் ரைஃபிளை மெக்வாரியர் ஆன்லைனில் முதலில் சார்ஜ் ஏற்றி, விரலை எடுத்தால்தான் சுடும். ஏறிய பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் சார்ஜ் வீணாகிவிடும். ஒளிவிடத்தில் இருந்து வெளியே வருவதற்கு முன்பே அழுத்தத் தொடங்கி, எட்டிப் பார்க்கும் அதே கணத்தில் விடப் பழகுங்கள். ஒளிவிடத்திலிருந்து வெளியே வந்தபின் அழுத்தத் தொடங்குகிறவன் அந்த முக்கால் நொடியில் இரண்டு அடி வாங்கிவிடுவான். கிட்டத்துச் சண்டையில் காஸ் தொல்லை, அதற்கு இரண்டு மூன்று லேசர் துணைக்கு வேண்டும்.

மெர்சினரீஸில் கூட வரும் கணினிக் கூட்டாளிகளுக்கு ஏசி/20 கொடுக்காதீர்கள். எட்டாத தூரத்திலேயே குண்டையெல்லாம் தீர்த்துவிட்டு வெறும் கையோடு நிற்பார்கள். அவர்களுக்கு லேசர், உங்களுக்குப் பீரங்கி.

நம்மூர்ச் சிக்கல்கள்

பங்குனி, சித்திரையில் கரூர், ஈரோட்டுப் பக்கம் மதியம் லேப்டாப்பில் ஆடினால் மெக் சூடாவதற்கு முன் லேப்டாப் சூடாகிவிடும். சூடானால் ஃப்ரேம் குதிக்கும். ஃப்ரேம் குதித்தால் லேசர்காரனாவது கதிரை இழுத்துச் சமாளிப்பான், நமக்கு அந்த ஒரு குண்டு போச்சு. கிராஃபிக்ஸைக் குறைத்து, 60 ஃப்ரேமில் கட்டிப்போடுங்கள். ஏற்ற இறக்கமான 90ஐவிட நிலையான 60 மேல். வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போடுங்கள். பிங் அதிகமாக இருந்தாலும் ஒரே அளவில் இருந்தால் கை பழகிவிடும், நிமிடத்துக்கு ஒரு மாதிரி தாவினால் முன்வைப்பு ஒருநாளும் படியாது. அப்புறம், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நீண்ட மிஷனைத் தொடங்குங்கள்.

வேறு ஆட்டங்களுக்குப் போனால்

பேட்டில்டெக் கணினி ஆட்டம் முறைவைத்து ஆடுவது, விரல் வேகம் தேவையில்லை. அங்கே ஆட்டோகேனனைத் தொடர்ந்து அடுத்தடுத்த முறை சுட்டால் பின்னுதைப்பால் குறி குறையும். ஒரு முறை பீரங்கி, அடுத்த முறை லேசர் என்று மாற்றி மாற்றிச் சுடலாம். பீரங்கி அடி எதிரியின் நிலையையும் குலைக்கும். விழுந்து கிடப்பவனைக் குறிப்பிட்ட இடம் பார்த்து அடிக்கலாம் என்பதால் தலைக் கணக்கு அங்கே உதவும்.

2023இல் வந்த ஆர்மர்ட் கோர் 6 வேறு உலகம். எல்லோரும் பறந்துகொண்டே இருப்பார்கள், குறியை ஆட்டமே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். அங்கே பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, தூரம்: எட்டும் எல்லைக்கு வெளியே சுட்டால் குண்டு கவசத்தில் பட்டுத் தெறித்துப் போகும், டேமேஜ் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரண்டு, தாக்கம்: எதிரியின் நிலைக்கோடு நிரம்பினால் அவன் சில நொடி ஸ்தம்பித்து நிற்பான், அப்போது விழும் அடிக்குக் கூடுதல் டேமேஜ். ஆகவே ஒரு கையில் விடாமல் சுடும் மெஷின் கன்னோ ரைஃபிளோ வைத்துக் கோட்டை நிரப்புங்கள், இன்னொரு கையிலோ தோளிலோ பசூக்கா வைத்து, அவன் ஸ்தம்பித்ததும் இறக்குங்கள். இரண்டு காலில் நிற்கும் மெக் பசூக்கா சுட ஒரு கணம் நின்றாக வேண்டும். நாலு காலோ டேங்க் காலோ இருந்தால் ஓடிக்கொண்டே சுடலாம், பசூக்கா பிரியர்கள் கால்களில் இருந்து தொடங்குவது இதனால்தான். சுட்ட குண்டுக்கான காசு மிஷன் சம்பளத்தில் கழியும் என்பதையும் நினைவில் வையுங்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது.

நம் பக்கத்தில் கணினியைவிடப் போனில் வார் ரோபோட்ஸ் ஆடுகிறவர்கள் அதிகம். அங்கே குறி தானாகப் பிடிக்கும், முன்வைப்புக் கவலை இல்லை. தூரம் பார்த்து ஆயுதம் எடுக்கும் பாடம் மட்டும் அப்படியே பொருந்தும். பனிஷர் கிட்டத்துக்கு, மோலட் தூரத்துக்கு, தண்டர் முகத்துக்கு முகம். ஒரு ரோபோவில் மூன்றையும் கலந்து மாட்டினால் எந்தத் தூரத்திலும் பாதி ஆயுதம் சும்மா கிடக்கும். எல்லா இடத்திலும் ஒரே தூரத்து ஆயுதமாகப் பூட்டுங்கள். ஆன்சைல் என்ற எனர்ஜி ஷீல்டு உங்கள் தோட்டாக்களைத் தடுத்துவிடும், பிளாஸ்மா மாதிரி எனர்ஜி ஆயுதங்களை விட்டுவிடும். அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் எதிரே வந்தால் சுட்டுக்கொண்டே நிற்காமல் ஒதுங்கிக்கொண்டு, மேக்னம் என்ற எனர்ஜி ஆயுதம் வைத்திருக்கும் கூட்டாளியை முன்னால் விடுங்கள். ஹேங்கரில் இன்னொரு ரோபோவை எனர்ஜி ஆயுதத்தோடு தயாராக வைத்திருப்பதும் இதற்காகத்தான்.